ஓ.டி. பட்டன் வேலை செய்யவில்லையா? கியர் பொக்ஸைக் கழற்றுமுன் வயரைப் பாருங்கள்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு வந்து சேர்வதற்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். அந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கை மிதித்தே கடக்கப் பார்க்கிற ஒட்டோ கியர் வாகனத்தில் பாதி வழியிலேயே கருகல் வாடை வரும். சூடு ஏறி பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. கியர் லீவரில் பெருவிரல் படும் இடத்தில் இருக்கிற ஓ.டி. பட்டன், அதாவது கடைசிக் கியரான ஓவர்டிரைவை விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் சுவிட்ச், நம்ம ஊரில் அவசியமாவது இதனால்தான். அதை ஓஃப் செய்தால் நான்கு கியர் உள்ள ஒட்டோ பெட்டி 3ஆம் கியருக்கு மேல் போகாது. என்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். செங்குத்தான இடங்களில் லீவரை 2 அல்லது எல் (L) என்ற தாழ்ந்த கியர் நிலைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். நீண்டு வளைந்து இறங்கும் பாதைக்கு இந்தப் பட்டன்தான் முதல் துணை.

பட்டன் வேலை செய்யாவிட்டாலோ, மீட்டரில் ஓ.டி. ஓஃப் லைட் தானாக எரிந்துகொண்டே இருந்தாலோ, "கியர் பொக்ஸ் போச்சு" என்ற பேச்சு உடனே கிளம்பிவிடுகிறது. பெட்டியை இறக்கி, எண்ணெய் மாற்றி, கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் இன்னொரு பெட்டி தேடுகிற அளவுக்குக்கூடப் போகிறது. ஆனால் மலையகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டவுன்ஏஸ், ஹைஏஸ், கொரோலா வகைகளில் இந்தச் சுற்று மிக எளிமையானது. ஒரு பியூஸ், ஒரு பல்ப், ஒரு சுவிட்ச், சில வயர்கள். அரை நாள் பொறுமையும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் கராஜில் புதிதாகச் சேர்ந்த தம்பியும் பார்க்கலாம், சொந்த வேன் வைத்திருப்பவரும் பார்க்கலாம். அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். கீழே எழுதியிருப்பது முழுவதும் அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

கரண்ட் போகும் வழி

பழைய டொயோட்டா வாகனங்களில் பொதுவாக இருக்கும் அமைப்பைச் சொல்கிறேன். சாவியை ஓன் செய்ததும் பெட்டரியின் 12 வோல்ட், 'கேஜ்' என்று எழுதியிருக்கும் பியூஸ் வழியாக மீட்டர் போர்டில் உள்ள ஓ.டி. ஓஃப் பல்புக்கு வருகிறது. பல்பின் மறுமுனையிலிருந்து ஒரு வயர் கியர் லீவரில் உள்ள சுவிட்சுக்கு இறங்குகிறது. சுவிட்சின் அடுத்த முனை எர்த், அதாவது பெட்டரி மைனஸோடு சேர்ந்திருக்கும் வண்டித் தகடு. பல்புக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஒரு கிளை பிரிந்து கியர் பொக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குப் போகிறது.

சாதாரணமாக ஓடும்போது, அதாவது ஓவர்டிரைவ் ஓனில் இருக்கும்போது, சுவிட்சின் உள்ளே முனைகள் பிரிந்திருக்கும். கரண்ட் ஓட வழியில்லை, பல்ப் எரியாது, கம்ப்யூட்டர் தன் கிளையில் ஏறக்குறைய 12 வோல்ட்டைப் பார்க்கும். ஓஃப் செய்தால் முனைகள் சேரும். பல்ப் வழியாகக் கரண்ட் எர்த்துக்கு ஓடும், லைட் எரியும், கம்ப்யூட்டர் பார்ப்பது கிட்டத்தட்ட 0 வோல்ட். அப்போது அது 4ஆம் கியரை விட்டுவிடுகிறது.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சுவிட்ச் 'ஓஃப்' என்றால் முனை சேர்ந்திருக்கிறது, 'ஓன்' என்றால் முனை பிரிந்திருக்கிறது. வீட்டுச் சுவிட்சை நினைத்துக்கொண்டு மீட்டரைப் பிடித்தால் நல்ல சுவிட்சையே கெட்டது என்று தூக்கிப் போடுவீர்கள். நிசான், ஃபோர்ட் போன்றவற்றிலும் சில டொயோட்டாக்களிலும் அமைப்பு வேறுபடும். சிலவற்றில் பட்டன் அழுத்தி விட்டதும் திரும்பி வந்துவிடும், லைட்டைக் கம்ப்யூட்டரே எரிக்கும். ஆகவே உங்கள் வாகனத்தின் வயரிங் படம் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள்.

தொடங்குமுன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். நம் பக்கம் சமதளம் கிடைப்பது கஷ்டம்தான், அதற்காகச் சரிவில் வைத்து வேலை செய்யாதீர்கள். கியர் லீவரை ஆட்டி ஆட்டிச் சோதிக்கப் போகிறோம், 'பி'யில் வண்டி நிற்கும் என்ற நம்பிக்கை இந்த வேலைக்கு உதவாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்னும் பின்னும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு என்ஜின் ஓட வேண்டியதில்லை, சாவி ஓனில் இருந்தால் போதும்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, மெல்லிய ஊசி ஒன்றிரண்டு, நடுவில் 5 அம்பியர் பியூஸ் வைத்துக் கட்டிய ஒரு ஜம்பர் வயர், கொன்டாக்ட் கிளீனர், ஸ்குரூ டிரைவர். இவ்வளவு போதும். கம்ப்யூட்டருக்குப் போகும் வயர்களில் பழைய பல்ப் டெஸ்டரைக் குத்தாதீர்கள். அது இழுக்கும் கரண்ட் உள்ளே இருக்கும் பாகங்களைக் கெடுத்துவிடலாம். மஞ்சள் நிற உறையோ மஞ்சள் சொக்கட்டோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயர், கை வைக்க வேண்டாம்.

முதலில் லைட் என்ன சொல்கிறது?

"அண்ணே, பட்டன் வேலை செய்யல" என்று ஒருவர் வந்து நின்றால், அது என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று கேட்டு வாங்குவதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பட்டனை எப்படி அழுத்தினாலும் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, 4ஆம் கியர் விழுவதே இல்லை என்றால் எங்கோ அந்த வயர் எர்த்தில் படுகிறது, அல்லது சுவிட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. லைட் எரிவதே இல்லை, பட்டனுக்கும் பலனில்லை என்றால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. மேட்டில் குலுங்கும்போது மட்டும் லைட் மினுக்குகிறது, லீவரைத் தொட்டால் சரியாகிறது என்றால் நேரே லீவரின் அடியில் உள்ள வயருக்குப் போங்கள், அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

லைட் ஒரே சீராக விட்டு விட்டு எரிந்தால் கதை வேறு. டொயோட்டாவில் அது கம்ப்யூட்டர் தரும் எச்சரிக்கை. சொலினொயிட்டிலோ (கியர் பொக்ஸுக்குள் இருக்கும் மின் வால்வு) வேக சென்சரிலோ பிழை கண்டிருக்கிறது என்று பொருள். பட்டனைக் கழற்றிக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை, கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பிழை எண்ணை, அதாவது கோட்டை, வாசிக்க வேண்டும். பழைய மாடல்களில் என்ஜின் பக்கம் இருக்கும் டயக்னோஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் வயரால் சேர்த்து, சாவியையும் ஓவர்டிரைவையும் ஓனில் வைத்தால் அதே லைட் மினுக்கல் கணக்கில் கோட் சொல்லும். 42, 61 வேக சென்சர்கள்; 62, 63, 64 சொலினொயிட்கள்.

அப்புறம் லைட்டும் பட்டனும் ஒழுங்காக இருந்தும் 4ஆம் கியர் வராத வண்டி ஒன்று இருக்கிறது. நுவரெலியா, நானுஓயா, கந்தப்பளைப் பக்கத்தில் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது. என்ஜின் தண்ணீர் ஓரளவு சூடாகும் வரை, பல வாகனங்களில் சுமார் 50 முதல் 60 பாகை வரை, கம்ப்யூட்டர் ஓவர்டிரைவை அனுமதிக்காது. ஜனவரிக் காலையில் புறப்பட்டுக் கொஞ்ச தூரத்துக்கு 3ஆம் கியரிலேயே இழுப்பது பிழையல்ல. என்ஜின் சூடேறுகிறது என்று யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்ட வண்டியில், அந்தக் குளிரில் இறக்கம் முழுவதும் தண்ணீர் சூடாகாமலே போகும், ஓவர்டிரைவும் வராது. சூட்டு மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு வயரைத் தொடுங்கள்.

பியூஸ், பிறகு பாதிக்குப் பாதி

லைட் எரியாத வண்டியில் பியூஸ்தான் முதலில். அதே கேஜ் பியூஸில்தான் பெரும்பாலும் பெற்றோல் முள், ரிவர்ஸ் லைட் போன்றவையும் இருக்கும். அவையும் சேர்ந்து செத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள், இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். சாவி ஓனில் இரண்டு பக்கமும் 12 வோல்ட் வர வேண்டும். 10 அம்பியர் போயிருந்தால் 10 அம்பியரே போடுங்கள். 20 போடுவதும் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுவதும் மீட்டர் போர்டுக்குப் பின்னால் நெருப்பு வைப்பதற்குச் சமம். புதுப் பியூஸும் உடனே போனால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வரை மூன்றாவது பியூஸ் வேண்டாம்.

பியூஸ் நன்றாக இருந்தால் கியர் லீவரைச் சுற்றியுள்ள கொன்சோலைக் கழற்றி, லீவரிலிருந்து வரும் சொக்கட்டைக் கண்டுபிடியுங்கள். சுற்றைப் பாதியாகப் பிரிக்கும் இடம் அதுதான். எந்தப் பக்கம் பிழை என்று தெரிந்துவிட்டால் மறுபாதியை மறந்துவிடலாம்.

எரிந்துகொண்டே இருக்கும் லைட் என்றால், சாவி ஓனில் வைத்துச் சொக்கட்டைப் பிரியுங்கள். லைட் அணைந்தால் பிழை லீவர் பக்கம், சுவிட்சிலோ அதன் வயரிலோ. அணையவில்லையென்றால் சொக்கட்டுக்கு மேலே, மீட்டர் போர்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் போகும் வயரில் எங்கோ தகடு உராய்ந்து செம்பு தெரிகிறது. மேட்டிங்குக்கு அடியில், சீட் ரெயிலுக்குக் கீழே, பின்னால் ரேடியோ பொருத்தியவர் ஸ்குரூ அடித்த இடத்தில் தேடுங்கள்.

எரியாத லைட் என்றால், சொக்கட்டைப் பிரித்து வைத்து, மீட்டர் போர்டிலிருந்து வரும் முனைக்கும் வண்டித் தகட்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். 12 வோல்ட் வந்தால் மேல் பக்கம் ஓரளவு சரி. 'ஓரளவு' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருக்கும் வயரிலும் டிஜிட்டல் மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை. அதனால் ஜம்பர் வயரால் அதே முனையை ஒரு கணம் எர்த்தில் தொடுங்கள். மேலே சொன்ன அமைப்பில் சுவிட்ச் செய்வதும் இதைத்தான், ஆகவே ஆபத்தில்லை. லைட் பளிச்சென்று எரிந்தால் பியூஸ், பல்ப், மேல் வயர் எல்லாம் நல்லது. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ துரு. தவறான முனையைத் தொட்டிருந்தால் ஜம்பரில் உள்ள 5 அம்பியர் பியூஸ் முந்திக்கொள்ளும், வண்டியின் பியூஸ் தப்பும். லீவர் சொக்கட்டில் ஷிஃப்ட் லொக், இரவு விளக்கு என்று வேறு வயர்களும் வரும் என்பதால்தான் அந்தப் பியூஸ்.

அடுத்து எர்த் முனை. டொயோட்டாவில் வெள்ளை வயரில் கறுப்புக் கோடு இருந்தால் அது பெரும்பாலும் எர்த். பெட்டரியின் மைனஸுக்கும் அந்த முனைக்கும் இடையே ஓம் அளந்தால் ஏறக்குறைய 0 வர வேண்டும். அதைவிட நல்ல சோதனை, எல்லாவற்றையும் பொருத்தி லைட் எரியும் நிலையில் வோல்ட் அளப்பது. சுவிட்சின் எர்த் முனைக்கும் பெட்டரி மைனஸுக்கும் நடுவில் 0.1 வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி இறுக்குங்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையிலேயே ஓடும் வண்டிகளில் எர்த் போல்ட்டின் அடியில் பச்சையும் பழுப்புமாகப் பூத்துக் கிடப்பது சாதாரணம்.

லீவரின் அடியில் உள்ள வயர்

என்னைக் கேட்டால் இந்தச் சுற்றில் வரும் பிழைகளில் அதிகமானவை இந்த ஒரு சாண் நீளத்துக்குள்தான். பட்டன் இருப்பது லீவரின் தலையில். வயர் லீவரின் குழாய் வழியாக இறங்கி, அடியில் வெளியே வந்து, சொக்கட்டுக்கு வளைகிறது. லீவர் பியிலிருந்து டிக்கும் டியிலிருந்து 2க்கும் போய்வரும் ஒவ்வொரு தடவையும் அந்த வளைவு மடங்கி நிமிர்கிறது. கொழும்பில் ஓடும் வண்டியில் டியில் போட்டால் போட்டபடி. நம் பாதையில் ஒரு ஹட்டன்–நுவரெலியா ஓட்டத்துக்குள் லீவர் எத்தனை தடவை அசைகிறது என்று நீங்களே கவனித்துப் பாருங்கள்.

ஆகவே வயர் உள்ளே அறுகிறது. மேலே இருக்கும் உறை அப்படியே இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல்களால் மெதுவாக மடக்கிப் பார்த்தால், நல்ல இடத்தில் வயர் விறைப்பாக எதிர்த்து நிற்கும். அறுந்த இடத்தில் மட்டும் தொய்ந்து மடங்கும், உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் உறை மாதிரி. லேசாக இழுத்தால் அந்த இடத்தில் உறை நீண்டு மெலியும்.

மீட்டரால் உறுதி செய்ய, சொக்கட்டைப் பிரித்து வைத்து லீவர் பக்கத்து இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஓம் அளவில் மீட்டரை மாட்டுங்கள். பட்டனை ஓஃபில் வைத்தால் 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும், ஓனில் வைத்தால் முடிவிலி. இப்போது பட்டனை ஓஃபிலேயே விட்டுவிட்டு, லீவரை பியிலிருந்து எல் வரை மிக மெதுவாகக் கொண்டுபோங்கள், திரும்பக் கொண்டுவாருங்கள். எண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 0.4, 0.4, 0.5 என்று போய்க்கொண்டிருந்தது ஒரு இடத்தில் 30, 200 என்று தாவினாலோ முடிவிலிக்குப் போய்த் திரும்பினாலோ ஆளைப் பிடித்துவிட்டீர்கள். லீவரை அசைக்காமல் ஒரே நிலையில் மட்டும் அளப்பவர்களுக்கு இந்தப் பிழை சிக்காது. "சுவிட்ச் நல்லது தம்பி, கம்ப்யூட்டர்தான் போயிருக்கு" என்று பாஸ்மார் சொல்வதும் பெரும்பாலும் இப்படி அளந்த பிறகுதான்.

வயர் முழுவதும் சரி, பட்டனை அழுத்தும்போது மட்டும் எண் தடுமாறுகிறது என்றால் சுவிட்சின் முனைகள் அழுக்கு. தேநீர் கொட்டியிருக்கலாம், மூடுபனி ஈரம் ஏறியிருக்கலாம். கொன்டாக்ட் கிளீனர் அடித்துப் பல தடவை அழுத்தி விடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் சுவிட்சை மாற்றுங்கள். துருவை விடுவிக்கும் எண்ணெய் ஸ்பிரே அடிக்க வேண்டாம், அதன் பிசுக்கில் தூசு படிந்து கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும்.

அறுந்த வயரை அறுந்த இடத்திலேயே முடிச்சுப் போட்டு டேப் சுற்றுவது வேலைக்காகாது. அங்கேயே சோல்டர் வைப்பதும் அப்படித்தான். சோல்டர் வைத்த துண்டு விறைத்துப்போகும், அதற்குப் பக்கத்தில் மறுபடி அறும். லீவரின் தலையிலிருந்து சொக்கட் வரை நிறைய மெல்லிய இழைகள் உள்ள மென்மையான புது வயர் போடுங்கள். ஒட்டு எல்லாம் வளைவுக்கு வெளியே, அசையாத பகுதியில் வரட்டும். சூடாக்கினால் சுருங்கும் குழாயை அதன்மேல் போடுங்கள். வளைவில் கொஞ்சம் தளர்வு விடுங்கள், லீவரை எல் வரை இழுத்தாலும் வயர் விறைக்கக்கூடாது.

கம்ப்யூட்டர் வரை போக வேண்டி வந்தால்

லைட் ஒழுங்காக எரிந்து அணைகிறது, என்ஜினும் சூடாகிவிட்டது, ஆனால் கியர் மாறவில்லை. அப்போது கம்ப்யூட்டருக்குப் பிரியும் கிளையை அளக்க வேண்டும். கம்ப்யூட்டரின் சொக்கட்டைப் பிரிக்காமலே, பின்பக்கமாக ஊசியை வயரோடு ஒட்டி நுழைத்து வோல்ட் பாருங்கள். ஓனில் 12க்குப் பக்கம், ஓஃபில் 0க்குப் பக்கம் வந்தால் சுவிட்சுச் சுற்றில் பிழையே இல்லை. ஓஃபில் 2 அல்லது 3 வோல்ட் மிச்சம் நின்றால் முனையிலோ எர்த்திலோ தடை இருக்கிறது, திரும்பிப் போய்த் தேடுங்கள். ஏதாவது காரணத்துக்காகச் சொக்கட்டைப் பிரிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் பெட்டரி மைனஸைக் கழற்றுங்கள்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானிலிருந்து வந்த 90களின் வாகனங்களில் 16 முனைச் சொக்கட் இருந்தாலும் மலிவான புளூடூத் ஸ்கேனர் பேசாமல் இருக்கலாம், அதற்காகக் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கோட் வந்தாலும் நிதானமாக வாசியுங்கள். பி0வில் தொடங்குபவை எல்லாத் தயாரிப்புக்கும் பொது, பி1இல் தொடங்குபவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பி1780 என்பது ஃபோர்டில் நாம் பேசும் இந்தச் சுவிட்சுச் சுற்று. டொயோட்டாவில் அதே எண் பார்க்/நியூட்ரல் சுவிட்சைக் குறிக்கும். ஃபோர்டில் சுயசோதனை நடக்கும்போது பட்டனை அழுத்தாமல் விட்டாலே அந்தக் கோட் விழும், சுவிட்ச் கெட்டிருக்க வேண்டியதில்லை.

பார்க்/நியூட்ரல் சுவிட்ச் வேறு பொருள். அது கியர் பொக்ஸின் வெளிப்பக்கம், சேறும் தண்ணீரும் படுகிற இடத்தில் இருக்கிறது. பியில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகிறது, ரிவர்ஸ் லைட் வருவதில்லை, மீட்டரில் பி ஆர் என் டி எழுத்துகளில் இரண்டு ஒன்றாக எரிகின்றன என்றால் அதைத்தான் பார்க்க வேண்டும். பி0705 கோடும் அந்தப் பக்கமே கை காட்டும். அதன் சொக்கட்டைப் பிரித்தால் தண்ணீர் சொட்டுவதையும் முனைகள் பச்சை பூத்திருப்பதையும் பார்க்கலாம்; சுத்தம் செய்து காயவைத்த பிறகும் பிழை நின்றால்தான் சுவிட்சை மாற்ற யோசியுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

கொன்சோலைப் பூட்டுவதற்கு முன்பே ஒரு ஓட்டம் போய் வாருங்கள். கிரகரி வாவிக் கரையை ஒட்டிய சாலை மாதிரி கொஞ்சம் சமமான இடமும், கூட்டம் இல்லாத நேரமும் தேவை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, 4ஆம் கியர் விழுந்து வண்டி 60 கிலோமீற்றரில் சீராகப் போகும்போது பட்டனை ஓஃப் செய்யுங்கள். லைட் எரிய வேண்டும், என்ஜின் சுற்று ஏறக்குறைய நாற்பது வீதம் உயர வேண்டும்: 1800இல் ஓடியது 2500க்கு மேல் போகும். ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத வேனில் சத்தமே சொல்லும். மறுபடி ஓன் செய்தால் சுற்று இறங்க வேண்டும். லைட் எரியாமல் சுற்று மட்டும் உயர்ந்தால் பல்ப் போயிருக்கிறது, அதையும் மாற்றிவிடுங்கள். பனி மூட்டத்துக்குள் இறங்கும் டிரைவருக்குப் பட்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல அந்தச் சின்ன லைட்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

வாடிக்கையாளரின் வண்டியென்றால் ஒரு இரவு மழையில் நிற்கவிட்டு, காலையில் லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய்ப் பட்டனை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.